பறக்கும் தட்டும் மேசைப் போர் விளையாட்டும்

வானத்திலே பறக்கும் தட்டைக் கண்டதாகக் கூறுவோர் உலகின் பல நாடுகளிலும் உளர். எனினும், அத்தகைய தட்டொன்றைத் தொட்டுப் பார்த்து, அதன் விட்டத்தை அளந்து, அதன் வாயிலின் உயரத்தைக் குறித்து வைத்தவர் எவரும் இலர். அவ்வாறிருந்தும், பறக்கும் தட்டுக்களின் மாதிரிகளைத் தேடி வாங்கியும் தாமே செய்தும் மேசைமீது வைத்து விளையாடுவோர் கனடாவிலும் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் பலர் உள்ளனர். நம் பிள்ளைகளுட் சிலரும் இவ்விளையாட்டில் ஆர்வங் கொண்டிருக்கின்றனர்.

மூலப்பொருளே இல்லாத ஒன்றுக்கு மாதிரி செய்வது எங்ஙனம்? அதில் எதனை நம் விருப்பப்படி அமைக்கலாம்? எதனை அவ்வாறு அமைக்கலாகாது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மாணவர் செய்து பார்க்கத்தக்க எளிய செய்முறையொன்றும், பெற்றோர் அறிந்திருக்கத்தக்க சில செய்திகளும் இதில் இடம்பெறுகின்றன.

சிறு உருவங்களின் போர்

யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படைகளையும் கட்டங்களில் நிறுத்தி, அறிவினாற் பொருதும் ஆட்டமே சதுரங்கம். பாரதத்திலே தோன்றிய இவ்வாட்டம் உலகெங்கும் பரவியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரசிய நாட்டைச் சேர்ந்த றைஸ்விற்ஸ் என்னும் தந்தையும் மகனும் சதுரங்கக் கட்டங்களை விட்டு நீங்கி, மலையும் ஆறும் பாதையும் காட்டும் நிலப்பரப்பின்மீது ஆடும் புதியதொரு போர் விளையாட்டை உருவாக்கினர். மகன் 1824ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிகள் பிரசியப் படை அதிகாரிகளின் பயிற்சிக்குப் பயன்பட்டன.

இதனை வீட்டுக்கூடத்துக்குக் கொண்டு வந்தவர்களுள் முதன்மையானவர் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் ஆவார். 1913இல் அவர் வெளியிட்ட 'லிட்டில் வோர்ஸ்' என்னும் நூல், பொம்மைப் போர்வீரர்களையும் சிறு மரத்துண்டுகளை எய்யும் விளையாட்டுப் பீரங்கிகளையும் கொண்டு ஆடுவதற்கான விதிகளைக் கூறுகின்றது. செவ்வாய்க் கிரகவாசிகள் இங்கிலாந்தின்மீது படையெடுப்பதாக 1898இல் 'த வோர் ஒவ் த வேர்ல்ட்ஸ்' என்னும் நாவலை வெளியிட்டவரும் இதே வெல்ஸ்தான். வேற்றுக் கிரகத்தார் பற்றிய கற்பனை, சிறு உருவங்களின் போர் ஆகிய இரண்டும் ஒருவர் கையிலேயே வளர்ந்தன என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இன்று ஆடப்படும் முறை எளிது. உணவு மேசை அளவுள்ள பரப்பிலே வீடு, மரம், பாதை முதலியவற்றின் சிறு மாதிரிகள் வைக்கப்படும். இரு சாராரும் தத்தம் உருவங்களை முறைவைத்து நகர்த்துவர். எவ்வளவு தூரம் நகரலாம் என்பதை அளவுநாடா தீர்மானிக்கும்; செய்த முயற்சி வென்றதா தோற்றதா என்பதைப் பகடை தீர்மானிக்கும். இத்தகைய மேசையிலே பறக்கும் தட்டொன்று வந்திறங்கினால், ஆட்டமே புதுக்கதையாகிவிடும்.

பெயர் வந்த கதை

1947ஆம் ஆண்டு யூன் மாதம் 24ஆம் நாள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், றெய்னியர் மலையருகே தனது சிறு விமானத்தைச் செலுத்திச் சென்ற கெனத் ஆர்னல்ட் என்பவர், ஒன்பது பொருட்கள் வரிசையாக மிக விரைவாய்ப் பறந்து சென்றதைக் கண்டதாக அறிவித்தார். தேநீர்க் கிண்ணத்தின் கீழே வைக்கும் சிறுதட்டை நீர்ப்பரப்பின்மீது எறிந்தால் அது எவ்வாறு துள்ளித் துள்ளிச் செல்லுமோ, அவ்வாறே அவை சென்றன என்பது அவர் கூறிய உவமை.

அவர் உவமித்தது இயக்கத்தையேயன்றி வடிவத்தையன்று. அவர் வரைந்து காட்டிய படத்தில், முன்பக்கம் வளைந்தும் பின்பக்கம் ஒடுங்கியும் உள்ள உருவமே காணப்படுகின்றது. ஆயினும், செய்தியைச் சுருக்கிய பத்திரிகைகள் 'பறக்கும் தட்டு' என்று தலைப்பிட்டன. அதன்பின்னர், வானத்திலே விளங்காத பொருளைக் கண்டதாகக் கூறியோர் பலரும் தட்டு வடிவத்தையே கண்டதாகக் கூறலாயினர்! ஓர் உவமை பிறழ்ந்து பொருளாகிவிட்டது. இலக்கண வகுப்பிலே உவமையின் பொதுத்தன்மை யாது என ஆசிரியர் வினவுவதன் பயனை இதிலிருந்து மாணவர் உணரலாம்.

இவ்வாறு வந்த அறிவிப்புகளை ஆராய அமெரிக்க விமானப்படை நடத்திய 'புளூ புக்' திட்டம் 1952 முதல் 1969 வரை நடைபெற்றது. ஆராயப்பட்ட நிகழ்ச்சிகள் மொத்தம் 12,618. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை விண்மீன், கோள், முகில், பலூன், விமானம் முதலியவற்றைக் கண்டு மயங்கியதன் விளைவெனக் கண்டறியப்பட்டன. 701 நிகழ்ச்சிகள் இன்னவை என அடையாளங் காணப்படாமலே எஞ்சின. விளக்கம் கிடைக்கவில்லை என்பதனால் அவை வேற்றுக் கிரகத்திலிருந்து வந்தவை என்று ஆகிவிடாது. 'தெரியாது' என்பதும் அறிவியலில் ஒரு நேர்மையான விடையே.

திரையிலே தோன்றிய தட்டுக்கள்

நாம் இன்று பறக்கும் தட்டு என்றதும் மனத்திற் காணும் உருவம் பெரும்பாலும் 1950களின் திரைப்படங்கள் தந்தது. 1951இல் வெளிவந்த 'த டே த ஏர்த் ஸ்ரூட் ஸ்ரில்' என்னும் படத்தில், வழுவழுப்பான வெள்ளித் தட்டொன்று வாஷிங்டன் நகரிலே இறங்குகின்றது. 1956இல் வெளிவந்த 'ஏர்த் வேர்சஸ் த பிளையிங் சோசர்ஸ்' என்னும் படத்துக்கு றே ஹரிஹவுசன் என்னும் கலைஞர் சிறு மாதிரிகளைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் தனித்தனியே படம் பிடித்து உயிரூட்டினார். அதே ஆண்டில் வந்த 'போபிடன் பிளனெற்' படத்திலோ, தட்டிலே பயணஞ் செய்வோர் வேற்றுக் கிரகத்தார் அல்லர், மனிதரே.

மாதிரி செய்வோர் பெரிதும் விரும்பிக் கூறும் கதையொன்று உண்டு. எட் வூட் என்பவர் இயக்கிய 'பிளான் 9 புறொம் அவுட்டர் ஸ்பேஸ்' என்னும் படத்திலே தோன்றும் தட்டுக்கள் காரின் சக்கரமூடிகள் என்றும், கடதாசித் தட்டுக்கள் என்றும் நெடுங்காலம் பேசப்பட்டு வந்தது. உண்மையில் அவை கடையிலே விற்பனையான, பகுதிகளை ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்ரிக் மாதிரிகளாகும். லின்ட்பேர்க் என்னும் அமெரிக்க நிறுவனம் 1950களில் அதனை விற்றது. பறக்கும் தட்டு என்றாலே வதந்தியும் உடன் பறக்கும் போலும்!

ஒன்ராறியோவிற் பிறந்த உண்மைத் தட்டு

பறக்கும் தட்டு வடிவிலே மனிதர் கட்டிய உண்மையான ஊர்தியொன்று உண்டு. அது கட்டப்பட்ட இடம் வேறெங்கும் அன்று. ரொறொன்ரோ விமான நிலையத்தை அடுத்துள்ள மோல்ரன் என்னும் இடமே ஆகும். அங்கிருந்த அவ்றோ கனடா நிறுவனத்தில், ஜோன் புறொஸ்ற் என்னும் பொறியியலாளரின் வழிகாட்டலில், அமெரிக்கப் படைத்துறையின் பணத்தில் உருவானது 'அவ்றோகார்'. அதன் விட்டம் 18 அடி, அதாவது ஏறத்தாழ 5.5 மீற்றர். மூன்று தாரை இயந்திரங்கள் நடுவிலிருந்த பெரிய விசிறியைச் சுழற்ற, அவ்விசிறி காற்றைக் கீழும் விளிம்பிலும் செலுத்தி ஊர்தியை எழுப்பியது.

1959ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் அது முதன்முறையாகக் கட்டின்றி எழுந்தது. நிலத்துக்கு அண்மையில் இருக்கும்வரை, கீழே அடைபட்ட காற்று மெத்தைபோல் அதனைத் தாங்கியது. ஏறத்தாழ ஒரு மீற்றர் உயரத்துக்கு மேல் எழ முயன்றதும் அம்மெத்தை குலைந்து, கீழே விழுந்து சுழலும் சக்கரமூடிபோல ஊர்தி தள்ளாடியது. அதன் வேகமும் மணிக்கு 56 கிலோமீற்றரைத் தாண்டவில்லை. ஒலியை மிஞ்சிப் பறக்கும் தட்டை எதிர்பார்த்தோர் ஏமாற்றமடைந்தனர். 1961இல் திட்டம் கைவிடப்பட்டது. கட்டப்பட்ட இரண்டினுள் ஒன்று இன்று ஒகையோ மாநிலத்தின் டேற்றன் நகரிலுள்ள அமெரிக்க விமானப்படை அரும்பொருளகத்தில் உள்ளது.

கனடாவிலே தட்டுக்கள்மீது கொண்ட விருப்பத்துக்கு வேறு சான்றுகளும் உள. நாட்டின் நூற்றாண்டு விழா நடைபெற்ற 1967இல், அல்பேர்ட்டா மாகாணத்தின் சென்ற் போல் என்னும் ஊரார் பறக்கும் தட்டு இறங்குவதற்கென்றே மேடையொன்று கட்டினர். வட ஒன்ராறியோவின் மூன்பீம் என்னும் ஊரிலே தெருவோரத்தில் தட்டுச் சிலையொன்று நிற்கின்றது. கோடை விடுமுறையில் அவ்வழியே செல்லும் குடும்பங்கள் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

அளவே முதற்பாடம்

இனி மாதிரிக்கு வருவோம். தட்டின் வடிவத்தை நம் விருப்பப்படி அமைக்கலாம். அது தவறென்று கூற எவராலும் இயலாது. ஆனால், அதன் அருகே நிற்கும் மனித உருவத்துக்கும் தட்டுக்கும் உள்ள அளவுப் பொருத்தத்தை விருப்பப்படி அமைத்தல் ஆகாது. இதுவே அளவுத்திட்டம். புவியியற் பாடத்தில் நிலப்படத்துக்குப் பயன்படும் அதே முறைதான்.

மேசைப் போர் விளையாட்டில் உருவங்கள் அவற்றின் உயரத்தாற் பெயர் பெறுகின்றன. 28 மில்லிமீற்றர் உருவங்கள் ஏறத்தாழ 1:56 அளவுத்திட்டத்தைச் சேர்ந்தவை. 15 மில்லிமீற்றர் உருவங்கள் ஏறத்தாழ 1:100. 6 மில்லிமீற்றர் உருவங்கள் ஏறத்தாழ 1:300. இவையன்றி, விமான மாதிரிகளிற் பெரிதும் வழங்கும் 1:72 அளவிலும் பிளாஸ்ரிக் போர்வீரர் விற்கப்படுகின்றனர்.

பயனற்றுக் கிடக்கும் பழைய இறுவட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விட்டம் 12 சென்ரிமீற்றர். அதனைத் தட்டாகக் கொண்டால், 1:56 அளவில் அது 6.72 மீற்றர் விட்டமுள்ள கலமாகும். ஓரிருவர் ஏறிச் செல்லும் வேவுக்கலம் எனலாம். 1:72 அளவில் 8.64 மீற்றர். 1:100 அளவில் 12 மீற்றர். சிறு குழுவொன்று பயணஞ் செய்யலாம். 1:300 அளவிலோ அதே இறுவட்டு 36 மீற்றர் விட்டமுள்ள பெருங்கலமாகிவிடும். பொருள் ஒன்றே; அருகே நிற்கும் மனிதன் மாற, அதன் பருமனும் மாறுகின்றது.

மறுதலையாகவும் கணித்துப் பாருங்கள். கதையிலே 50 மீற்றர் விட்டமுள்ள கலம் வருகின்றது. அதனை 28 மில்லிமீற்றர் உருவங்களுக்கு ஏற்பச் செய்தால் விட்டம் 89 சென்ரிமீற்றர் ஆகும். மேசையிலே வேறெதற்கும் இடமிராது! அதனையே 6 மில்லிமீற்றர் உருவங்களுக்குச் செய்தால் 16.7 சென்ரிமீற்றர் போதும். முதலிற் கணக்கு, பின்னரே கத்தரிக்கோல் என்பதை நினைவிற் கொள்க.

பார்ப்பவர் கண்ணுக்கு இவ்வளவை உணர்த்துவது கதவு. மனிதர் நுழையும் 2 மீற்றர் உயரக் கதவு 1:56 அளவில் 3.6 சென்ரிமீற்றர் உயரமாகவும், 1:72 அளவில் 2.8 சென்ரிமீற்றராகவும், 1:100 அளவில் 2 சென்ரிமீற்றராகவும், 1:300 அளவில் 7 மில்லிமீற்றருக்குச் சிறிது குறைவாகவும் இருத்தல் வேண்டும். அழகிய தட்டைச் செய்துவிட்டு, அதிலே உருவத்தின் முழங்காலளவு கதவை வரைந்தால் அது பொம்மையாகவே தோன்றும். கதவும் படியும் சரியாக அமைந்தால், கறிச்சட்டியின் மூடிகூடக் கலமாகிவிடும்.

எங்கே தேடுவது?

ஆயத்த மாதிரிகளை விரும்புவோர் மாதிரிப் பொருட்கள் விற்கும் கடைகளில் விசாரிக்கலாம். 'த இன்வேடர்ஸ்' என்னும் தொலைக்காட்சித் தொடரிலே வந்த தட்டை அவுறோறா நிறுவனம் 1968இல் ஒட்டு மாதிரியாக வெளியிட்டது. அவ்வச்சிலிருந்து பிற்காலத்தில் வேறு நிறுவனங்களும் அதனை வெளியிட்டுள்ளன. முப்பரிமாண அச்சுப்பொறி வைத்திருக்கும் பொது நூலகங்கள் பல உள்ளன. அங்கே பிள்ளைகள் தாமே வரைந்த கலத்தை அச்சிட்டுக்கொள்ளலாம்.

எனினும், பணம் அதிகம் செலவிடத் தேவையில்லை. டொலர் கடையிலும் பழைய பொருள் விற்கும் கடையிலும் நம் சமையலறையிலும் தட்டுக்கள் நிறைந்துள்ளன. ஆழமற்ற பிளாஸ்ரிக் கிண்ணங்கள் இரண்டை விளிம்போடு விளிம்பு கவிழ்த்தால் தட்டு. அழுத்தினால் ஒளிரும் வட்டமான மின்கல விளக்கு, அப்படியே ஒரு தட்டு. எறிந்து விளையாடும் பிறிஸ்பி, பெரிய கலத்தின் மேற்பாதி. நத்தார் மரத்துச் சோடனைக் குண்டுகளிலே தட்டையானவை, போத்தல் மூடிகள், யோயோ ஆகியனவும் உதவும். கடையில் ஒரு பொருளைக் காணும்போது 'இது என்ன?' என்று பாராமல், 'இதைக் கவிழ்த்தால் என்ன?' என்று பார்க்கும் கண் வேண்டும்.

செய்முறை

28 மில்லிமீற்றர் உருவங்களுக்கேற்ற வேவுக்கலம் ஒன்றைச் செய்யும் முறை வருமாறு.

தேவையான பொருட்கள்: பழைய இறுவட்டு ஒன்று, 9 அல்லது 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஆழமற்ற பிளாஸ்ரிக் கிண்ணங்கள் அல்லது மூடிகள் இரண்டு, மேசைப்பந்து ஒன்று, தடித்த மட்டை, பிளாஸ்ரிக்கை ஒட்டும் பசை, வெள்ளைப் பசை, மென்கடதாசி, அரத்தாள், கறுப்பு, வெள்ளி நிற நீர் வர்ணங்கள், தூரிகை.

முதலாவதாக, கிண்ணங்களின் வெளிப்பக்கத்தையும் இறுவட்டின் இரு பக்கங்களையும் அரத்தாளால் இலேசாகத் தேய்க்க வேண்டும். வழுவழுப்பான பிளாஸ்ரிக்கிலே வர்ணம் பற்றாது, உரிந்துவிடும். தேய்த்தபின் சவர்க்கார நீரிற் கழுவி உலர்த்துக.

இரண்டாவதாக, ஒரு கிண்ணத்தை இறுவட்டின் மேற்பக்கத்திலும் மற்றதைக் கீழ்ப்பக்கத்திலும் கவிழ்த்து ஒட்டுக. சுற்றிலும் ஒரு சென்ரிமீற்றர் அளவிலே இறுவட்டின் விளிம்பு வெளித் தெரியும். மூன்று பக்கங்களில் அடிமட்டத்தால் அளந்து, விளிம்பு எங்கும் சமமாக உள்ளதா எனப் பார்த்த பின்னரே பசையை இறுக விடுக. நடு பிசகிய தட்டு எத்துணை வர்ணம் பூசினும் கோணலாகவே தோன்றும்.

மூன்றாவதாக, மேசைப்பந்தை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை மேற்கிண்ணத்தின் உச்சியில் ஒட்டுக. இது விமானியின் கண்ணாடிக் கூண்டு. பந்தின் விட்டம் 4 சென்ரிமீற்றர். 1:56 அளவில் 2.24 மீற்றர். ஒருவர் அமர்ந்து செலுத்த அது போதும். பந்தை வெட்டுவதைப் பெற்றோரே செய்தல் நன்று. உருண்டையான பொருளிற் கத்தி எளிதாக வழுக்கும்.

நான்காவதாக, கிண்ணமும் இறுவட்டும் சேரும் மூட்டிலே, வெள்ளைப் பசையில் நனைத்த மென்கடதாசிக் கீற்றுக்களை ஒட்டி இடைவெளியை மூடுக. இரவு முழுவதும் உலர விடுக.

ஐந்தாவதாக, மட்டையில் 3.6 சென்ரிமீற்றர் உயரமும் 1.8 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள கதவை வெட்டுக. தட்டின் சரிவான பக்கத்திலே கதவு உயரம் அடங்காதாயின், அதனைக் கீழ்ப்பக்கத்திலிருந்து நிலத்துக்கு இறங்கும் சாய்பலகையாக ஒட்டுக. தரையில் நிற்கும் கலமாயின், மூங்கிற் குச்சிகளால் மூன்று கால்கள் வைக்கலாம். நான்கு கால்களில் ஒன்று குட்டையானால் கலம் ஆடும். மூன்று கால்கள் எந்நிலத்திலும் ஆடா. இது கேத்திரகணித உண்மை.

ஆறாவதாக, வர்ணம் தீட்டுக. முழுவதும் கறுப்புப் பூசி உலர்ந்த பின், தூரிகையில் வெள்ளி வர்ணத்தைத் தோய்த்து, பழந்துணியில் துடைத்து, எஞ்சிய சிறிதளவு வர்ணத்தால் மேடான இடங்களை மட்டும் தடவுக. பள்ளங்களிற் கறுப்பு நிற்க, மேடுகளில் வெள்ளி மின்ன, உலோகம் போன்ற தோற்றம் உண்டாகும். ஒரே தடவையில் வெள்ளியை அப்பினால், சமையலறைப் பாத்திரமே கண்முன் நிற்கும்.

பறக்கும் நிலையிற் காட்ட விரும்பினால், கீழ்க்கிண்ணத்தின் நடுவிலே துளையிட்டு, ஒளி ஊடுருவும் பிளாஸ்ரிக் கோலொன்றைப் பொருத்துக. இறுவட்டின் நடுத்துளை 15 மில்லிமீற்றர் ஆகையால் கோல் அதனூடாகவும் செல்லும். கோலின் அடியிலுள்ள பீடத்தில் நாணயங்கள் சிலவற்றை ஒட்டிப் பாரமாக்குக. பாரம் மேலே இருந்தால் கவிழும். கீழே இருந்தால் நிமிர்ந்து நிற்கும்.

பெற்றோர் கவனிக்கத்தக்கவை மூன்று உள. ஸ்ரைரோபோம் என்னும் வெண்ணுரைப் பொருளாற் கலம் செய்தால், விசிறு வர்ணம் அதனைக் கரைத்துவிடும். முதலில் வெள்ளைப் பசையோ நீர் வர்ணமோ பூசி மூடுதல் வேண்டும். விசிறு வர்ணத்தை வீட்டுக்குள் பயன்படுத்தலாகாது. கூண்டுக்குள் சிறு மின்விளக்கு வைக்க விரும்பினால், அதன் பொத்தான் வடிவ மின்கலம் குழந்தைகள் கைக்கு எட்டாதிருத்தல் வேண்டும்; அதனை விழுங்கினால் உயிராபத்து நேரும்.

மூலப்பொருள் உள்ள ஒன்றையே செய்ய விரும்பும் மாணவர் அவ்றோகாரைச் செய்யலாம். 5.5 மீற்றரை 56ஆல் வகுத்தால் 9.8 சென்ரிமீற்றர், அவ்வளவிலே ஒரு மூடியைத் தேடுங்கள். நடுவில் விசிறிக்கு வட்டமும், இருபுறமும் விமானிகளுக்கு இரு சிறு கூண்டுகளும் வைக்க வேண்டும். இதற்குப் படங்கள் உண்டு. ஆகவே, இதில் நம் விருப்பத்துக்கு இடமில்லை.

விளையாடிப் பார்ப்போம்

கலம் ஆயிற்று. இனி ஆட்டம். கீழே தரப்படுவது 'மீட்புப் பணி' என்னும் எளிய விளையாட்டு.

120 சென்ரிமீற்றர் சதுரமான பரப்பின் நடுவிலே, விபத்துக்குள்ளான தட்டை வையுங்கள். அதனுள் காயமுற்ற பயணிகள் மூவர் உளர். இரு சாராரும் ஆறு ஆறு உருவங்களுடன் எதிரெதிர் ஓரங்களிலிருந்து புறப்படுவர். ஒரு முறைக்கு ஓர் உருவம் 15 சென்ரிமீற்றர் நகரலாம். கதவருகே நிற்பவர் பகடை உருட்டி 5 அல்லது 6 பெற்றாற் கதவு திறக்கும். காயமுற்றவரைத் தாங்கிச் செல்பவர் முறைக்கு 10 சென்ரிமீற்றரே நகரலாம். எதிர்த்தரப்பினர் 3 சென்ரிமீற்றருக்குள் எதிர்ப்பட்டால் இருவரும் பகடை உருட்டுக. குறைந்த எண் பெற்றவர் 15 சென்ரிமீற்றர் பின்வாங்குவார். இருவரைத் தம் ஓரத்துக்குப் பத்திரமாகக் கொண்டு வந்து சேர்க்கும் தரப்பே வெற்றி பெறும். 15 முறைகளுக்குள் எவரும் வெல்லாவிடின், இரண்டாவது தட்டு வந்திறங்கித் தன்னவரை அழைத்துச் செல்லும்.

கணக்கில் விருப்பமுள்ள மாணவருக்கு ஒரு வினா. கதவை ஒருவர் திறக்கும் நிகழ்தகவு மூன்றில் ஒன்று. இருவர் சேர்ந்து ஒரே முறையில் முயன்றால் கதவு திறக்கும் நிகழ்தகவு யாது? மூன்றில் இரண்டு என்று விரைந்து கூறிவிடாதீர்கள். இருவருமே தோற்கும் நிகழ்தகவு ஒன்பதில் நான்கு. எனவே திறக்கும் நிகழ்தகவு ஒன்பதில் ஐந்து.

கதை வேறு, வரலாறு வேறு

வடிவத்தில் நமக்குச் சுதந்திரம் உண்டு என்றோம். அளவிற் கட்டுப்பாடு வேண்டும் என்றோம். கட்டுப்பாடு வேண்டிய இன்னொன்றும் உண்டு. அது உண்மை.

2018ஆம் ஆண்டில், ஜேர்மனியின் புகழ்பெற்ற மாதிரி நிறுவனமான ரெவெல், 'ஹவுனெபு' என்னும் பறக்கும் தட்டின் மாதிரியை விற்பனைக்கு வெளியிட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நாசிகள் கட்டியதாகப் பிற்காலத்திற் புனையப்பட்ட தட்டு அது. அத்தகைய தட்டு ஒருபோதும் இருந்ததில்லை. ஆனால், பெட்டியிலிருந்த படமும் விளக்கமும் அது உண்மையாகவே இருந்ததுபோன்ற எண்ணத்தைத் தந்தன. நாசிகளின் திறமையை வியக்கவைக்கும் இக்கட்டுக்கதை பிள்ளைகளை ஏமாற்றும் என்று வரலாற்றறிஞரும் சிறுவர் பாதுகாப்பு அமைப்பினரும் கண்டித்தனர். விளக்கத்திலே குறையிருந்ததை ஏற்றுக்கொண்ட நிறுவனம் அம்மாதிரியை விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்டது.

இதிலே தட்டின்மீது தவறில்லை. பெட்டியின்மேல் எழுதிய சொற்களின்மீதே தவறு. செவ்வாய்க் கிரகத்தாரின் கலம் என்று எழுதினால் அது கதை. நடந்த போரின் பெயரோடு நடவாததைச் சேர்த்து எழுதினால் அது பொய் வரலாறு. நம் பிள்ளைகள் தாம் செய்த கலத்தின் பீடத்திலே ஒரு சிறு சீட்டு ஒட்டட்டும்: பெயர், அளவுத்திட்டம், செய்த ஆண்டு, 'கற்பனை' அல்லது 'உண்மை ஊர்தி' என்னும் குறிப்பு. அதனைத் தமிழிலேயே எழுதட்டும்.

பெற்றோருக்கு ஒரு சொல்

போரைக் கண்ணாற் கண்டு, அதனாலேயே நாடு கடந்து வந்த பெற்றோர் நம்மிடையே பலர் உளர். பிள்ளைகள் 'போர் விளையாட்டு' என்றதும் அவர்கள் மனம் துணுக்குறுவது இயல்பே. அதனைப் பழமைவாதம் என்று ஒதுக்குதல் தகாது.

இங்கே வெல்ஸை மீண்டும் நினைவு கொள்வோம். தமது 'லிட்டில் வோர்ஸ்' நூலின் இறுதியிலே அவர் வற்புறுத்துவது, பொம்மைப் போரை விளையாடியவர் உண்மைப் போர் எத்துணைப் பெரிய மடமை என்பதை உணர்வர் என்பதே. அந்நூல் வெளிவந்த மறு ஆண்டே, 1914இல், முதலாம் உலகப் போர் மூண்டது. நூலொன்றினாற் போர் நின்றுவிடவில்லை. ஆகவே, விளையாட்டு தானாகவே நற்பண்பை ஊட்டும் என்று நாம் இருந்துவிட முடியாது. எதற்காக ஆடுகின்றோம், வெற்றி என்று எதனைக் கொள்கின்றோம் என்பதைப் பெரியோரே பிள்ளைகளுடன் பேசுதல் வேண்டும். மேலே கூறிய ஆட்டத்தில் வெற்றி என்பது வீழ்த்துவதன்று, மீட்பது. பெற்றோர் தம் பிள்ளையுடன் ஒரு மாலை மேசையருகே அமர்ந்து ஆடினால், சொல்ல வேண்டியவற்றைச் சொல்லுதற்கு அதனினும் ஏற்ற வேளை கிடைப்பது அரிது.

மாணவச் செல்வங்களே! அடுத்த மழைநாளில் தொலைக்காட்சியைச் சற்றே நிறுத்திவிட்டு, இரண்டு கிண்ணங்களையும் பழைய இறுவட்டொன்றையும் எடுத்து வாருங்கள். அடிமட்டத்தை மறவாதீர்கள். கலத்தைச் செய்து முடித்ததும், அதன் அளவுத்திட்டம் யாது, அது எங்கிருந்து வந்தது, அதில் வந்தோர் எவர் என்று ஒரு பக்கம் தமிழில் எழுதி வகுப்பிலே வாசித்துக் காட்டுங்கள். கையும் கணக்கும் மொழியும் ஒருங்கே வளரும்.